வலையமைப்புக் கல்வியும் வாழ்க்கைத் தொழிலும்

"கணிப்பொறி வலையமைப்பைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" நம் சங்கத்து மாணவர் பலர் கேட்கும் கேள்வி இது. கேள்வி சிறியது; அதன் பின்னே நிற்கும் கவலை சிறியதன்று. வங்கியில் வாங்கிய கல்விக் கடன் அங்கே நிற்கிறது. ஊரில் அடகுக் கடையில் இருக்கும் தாயின் வளையல் நிற்கிறது. 'அண்ணன் பெங்களூரில் படிக்கிறான். இனிக் கவலையில்லை' என்று நம்பியிருக்கும் தம்பி தங்கையர் நிற்கின்றனர். இத்தனை பேரையும் பின்னே வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விக்கு, 'நல்ல எதிர்காலம் உண்டு' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது முறையன்று.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இந்நகருக்கு வந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நானே. இப்போது எம்.எஸ்சி. வகுப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். ஒரு கோடை விடுமுறை முழுவதும் கல்வி நிலையம் ஒன்றின் கணிப்பொறி நிலையத்தில் பயிற்சியாளனாக இருந்தேன். இத்துறையில் வேலைக்குச் சென்றுவிட்ட அண்ணன்மார், அக்காமார் பலரை விசாரித்தும் அறிந்தேன். நமக்குத் திறந்திருக்கும் வழிகள் எவை, அவற்றுள் நுழையத் தேவையானவை எவை, விலக்க வேண்டியவை எவை என்பவற்றை அவற்றைக் கொண்டு எழுத முற்படுகிறேன்.

வலையமைப்பு என்பது ஒரு வேலையின் பெயரன்று. பல வேலைகள் வரிசையாக நிற்கும் ஒரு நெடுஞ்சாலையின் பெயர் அது. நம் விடுதி அறையிலிருந்து, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமாவுக்கு ஒரு புகைப்படம் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படத்தின் பின்னாலேயே நாமும் நடந்து செல்வோம். அது யார் யார் காவலில் கடந்து போகிறதோ, அவ்விடங்களில் எல்லாம் நமக்கும் இடம் உண்டு.

பொட்டலமாகப் பிரியும் படம்

முதலில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நம் படம் முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. வழக்கமான ஈதர்நெட் இணைப்பில் ஒரு பொட்டலம் சுமக்கக்கூடியது 1,500 பைட்டு. மூன்று மெகாபைட்டு அளவுள்ள ஒரு படம் ஏறக்குறைய இரண்டாயிரம் பொட்டலங்களாகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் எழுதப்பட்டிருக்கும். இடையிலுள்ள ரவுட்டர் என்னும் கருவிகள் அம்முகவரியைப் பார்த்து, அடுத்த இடத்திற்குத் தள்ளிவிடுகின்றன. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அதை மட்டும் மீண்டும் அனுப்பலாம்.

இந்த ஒழுங்கை வின்ட் செர்ப், பாப் கான் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். 1983 ஜனவரி முதல் நாள், அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பு இம்முறைக்கு மாறியது. இன்று உலகமெங்கும் நடப்பது அதன் வழிவந்த முறையே. கருவிகள் மாறின, வேகம் மாறியது, அடிப்படை மாறவில்லை. நாம் படிக்க வேண்டியது எது என்பதற்கு இதுவே முதற் குறிப்பு.

வளாகத்தின் உள்ளே

படம் முதலில் வைபை அலையாக அறையின் வெளியே உள்ள பெட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து கம்பி வழியே மாடியிலுள்ள சுவிட்சுக்கும், பிறகு கணிப்பொறி நிலையத்திற்கும் செல்கிறது. இவற்றைக் காப்பவர் வலையமைப்பு நிர்வாகி. பல்கலைக்கழகம், மருத்துவமனை, வங்கி, தொழிற்சாலை, ஓட்டல் எங்கும் இவர் தேவை. பெரும்பாலோர் முதலில் ஏறும் படி இதுதான். ஊதியம் தொடக்கத்தில் மிகுதியன்று. ஆனால் கற்றுக்கொள்வது மிகுதி.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு மாலை, விடுதி ஒன்றில் இணையம் அடியோடு நின்றது. கருவிகளுக்கு மின்சாரம் இருந்தது, கம்பிகள் அறுபடவில்லை, சுவிட்சுகளின் பச்சை விளக்குகள் மட்டும் ஒரே சீராக வெறிபிடித்தாற்போல் மின்னிக்கொண்டிருந்தன. எனக்கு மேலிருந்த நிர்வாகி அதைப் பார்த்த உடனே, "சுற்று விழுந்திருக்கிறது" என்றார். ஒவ்வொரு மாடிக்கும் செல்லும் கம்பியை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றச் சொன்னார். மூன்றாம் மாடியின் கம்பியைக் கழற்றியதும் மற்ற மாடிகள் உயிர் பெற்றன. மேலே சென்று பார்த்தால், ஓர் அறையில் மலிவான சுவிட்ச் ஒன்றில் ஒரே கம்பியின் இரு முனைகளையும் யாரோ செருகி வைத்திருந்தார்கள். 'எல்லாருக்கும்' என்று முகவரியிட்ட ஒரு பொட்டலம் அந்தச் சுற்றில் புகுந்தால் வெளியேற வழியில்லை. பெருகிப் பெருகி வலையமைப்பு முழுவதையும் அடைத்துவிடும்.

இதைத் தடுக்கும் முறையை ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985-ல் கண்டார். நம் பாடநூலில் அது உண்டு. தேர்வில் அதற்கு விடை எழுதியவர் பலர். ஆனால் விளக்கு மின்னுவதைப் பார்த்து 'சுற்று' என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அந்த ஆற்றலுக்குத்தான் ஊதியம் தருகிறார்கள். அந்நிர்வாகி எந்தப் பெரிய நிறுவனத்திலும் வேலை பார்த்தவரல்லர். பட்டயப் படிப்புப் படித்தவர். அன்று நான் அவரிடம் கற்றது ஒரு பருவம் முழுவதும் கற்றதற்கு ஒப்பு.

இரவிலும் விழித்திருப்போர்

வளாகத்தை விட்டு வெளியேறிய பொட்டலம், இணையச் சேவை நிறுவனத்தின் கையில் சேர்கிறது. ஏர்டெல், ஜியோ, பி.எஸ்.என்.எல். போன்றவை இவை. இங்கே இருவகை வேலைகள் உள்ளன.

ஒன்று வெளிவேலை. சாலையடியில் ஓடும் ஒளியிழையை இடுவது, அறுந்தால் ஒட்டுவது, கோபுரங்களை இணைப்பது. ஒளியிழை எங்கே அறுந்தது என்று காண்பதற்கு ஓர் அழகிய முறை உண்டு. ஒரு முனையில் ஒளித் துடிப்பைச் செலுத்துவர். முறிந்த இடத்தில் பட்டு அது திரும்பும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்று திரும்ப 100 மைக்ரோ வினாடி ஆயிற்று என்றால் முறிவு 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பொருள். பௌதிகம் படித்தோர்க்கும் மின்னணுவியல் படித்தோர்க்கும் இங்கே நல்ல இடம் உண்டு என்பதை இதனால் அறியலாம்.

மற்றொன்று கண்காணிப்பு. 'நாக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கண்காணிப்பு நிலையத்தில் நாள் முழுவதும் மூன்று முறைப்பணிகளாக ஆட்கள் இருப்பர். திரையில் எச்சரிக்கை தோன்றினால் காரணத்தை ஆராய்ந்து, தம்மால் முடிந்தால் தீர்ப்பர். முடியாவிட்டால் மேல்நிலைக்கு அனுப்புவர். எல்-1, எல்-2, எல்-3 என்று நிலைகள் உண்டு. எல்-1-ல் சேர்வது எளிது. அங்கேயே நின்றுவிடுவதும் எளிது. இரவுப் பணியால் உடல் தளரும். பகலில் படிக்க மனம் வராது. இரண்டு ஆண்டில் எல்-2-க்கு ஏறாதவர் பிறகு ஏறுவது கடினம் என்று அண்ணன்மார் கூறுகின்றனர். சேரும்போதே அடுத்த படியைக் குறித்துக்கொண்டு சேர்வது நன்று. மாணவியர் இரவுப் பணியை ஏற்கும் முன், வீட்டு வாசல் வரை வண்டி வருமா என்பதை வாய்ச்சொல்லாக அன்றி, எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

சென்னைக் கடற்கரையில்

இந்தியாவுக்குள்ளேயே செல்லும் பொட்டலமானால், சேவை நிறுவனங்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் இடம் ஒன்றுக்குச் செல்லலாம். அதற்காகவே 2003-ல் 'நிக்சி' என்னும் இணையப் பரிமாற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. நம் படம் சிங்கப்பூர் செல்ல வேண்டும். பெங்களூருக்குக் கடல் இல்லை; ஆதலால் தரைவழியே அது ஒரு கடற்கரை நகரை அடைய வேண்டும். சென்னை வழியே போவதாகக் கொள்வோம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ல் ஐ2ஐ என்னும் கடலடி வடம் இடப்பட்டது. நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். 2004-ல் டாட்டா நிறுவனத்தின் வடம் வந்தது. 2020 ஆகஸ்டு 10-ல் சென்னையையும் அந்தமான் நிகோபார்த் தீவுகளையும் இணைக்கும் வடம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர்.

மூவாயிரம் கிலோமீட்டரை ஒளி கடக்க ஏறக்குறைய 15 மில்லி வினாடிதான் ஆகிறது. ஆனால் அந்த வடத்தில் ஓர் அறுவை ஏற்பட்டால் நாடே திணறும். 2008 ஜனவரி இறுதியில், எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே மத்தியதரைக் கடலில் வடங்கள் அறுந்தபோது இந்தியாவின் இணைய வேகம் பெரிதும் குன்றியது. கடல் எங்கோ, அலுவலகம் எங்கோ! அத்தகைய நேரத்தில் எந்தப் போக்குவரத்தை எவ்வழியே திருப்புவது என்று முடிவு செய்பவரே முதுகெலும்பு வலையமைப்புப் பொறியாளர். இத்துறையில் மதிப்பு மிகுந்த பணிகளுள் ஒன்று இது. இதற்கு 'பி.ஜி.பி.' என்னும் வழிகாட்டு முறையை நன்கு அறிந்திருக்க வேண்டும்.

அதன் அருமையை 2021 அக்டோபர் 4-ஆம் நாள் உலகுக்கு உணர்த்திற்று. அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றன. பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையால் அந்நிறுவனத்தின் முதுகெலும்பு இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அதன் விளைவாக, 'எங்கள் சர்வர்கள் இவ்வழியில் உள்ளன' என்று உலகுக்கு அறிவிக்கும் பி.ஜி.பி. அறிவிப்புகளும் நின்றன. சர்வர்கள் கெடவில்லை; அவற்றை அடையும் வழிதான் மறைந்தது. வழி மறைந்தால் ஊர் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

தரவு மையமும் மேகமும்

மாமாவின் கையை அடையும் முன் நம் படம் ஒரு தரவு மையத்தில் தங்குகிறது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் அடுக்கி வைக்கப்பட்ட பெருங்கட்டடம் அது. 'மேகம்' என்று நாம் கூறுவது வானத்தில் இல்லை. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் நவி மும்பையிலும் தரையில்தான் இருக்கிறது. மைக்ரோசாப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்றிடங்களில் மேகச் சேவையைத் தொடங்கிற்று. அமேசான் 2016-ல் மும்பையில் தொடங்கிற்று.

இங்கே இரு வாயில்கள் உள்ளன. மையத்தின் உள்ளே கம்பியும் சுவிட்சும் காக்கும் வேலை ஒரு வாயில். வெளியிலிருந்து, ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தையும் மேகத்திலுள்ள அதன் சர்வர்களையும் பாதுகாப்பாக இணைத்து வடிவமைக்கும் வேலை மற்றொன்று. இரண்டாவது பணிக்கு இந்நகரில் தேவை மிகுதி. இதற்கு வலையமைப்பு அறிவோடு லினக்ஸ் அறிவும், சிறிது நிரல் எழுதும் திறனும் வேண்டும்.

கருவி செய்வோர் நகரம்

படம் சேர்ந்துவிட்டது. அது கடந்த ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் செய்தவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடப் பெங்களூரை விட நல்ல ஊர் நம் நாட்டில் அரிது.

1948-ல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை இந்நகரில்தான் தொடங்கப்பட்டது. அது அமைந்த பகுதிக்குத் தூரவாணி நகர் என்றே பெயர். 1984-ல் மத்திய அரசு 'சி-டாட்' என்னும் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. டெல்லியிலும் பெங்களூரிலும் அது இயங்குகிறது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் இங்கே வந்து, துணைக்கோள் வழியே தன் தலைமை நிலையத்தோடு இணைப்புக் கொண்டது. சிஸ்கோ, நோக்கியா, எரிக்சன், அரிஸ்டா ஆகியவற்றின் ஆராய்ச்சிப் பிரிவுகள் இன்று இங்கே உள்ளன. ஜூனிப்பர் நிறுவனம் 2025 ஜூலையில் ஹெச்.பி.இ. நிறுவனத்தோடு இணைந்தது. 2000-ல் இந்நகரில் பிறந்த தேஜஸ் நிறுவனம், சி-டாட், டி.சி.எஸ். ஆகியவற்றோடு சேர்ந்து உள்நாட்டு 4ஜி அமைப்பை உருவாக்கியது. 2025 செப்டம்பரில் பி.எஸ்.என்.எல். அதை நாடு முழுவதும் தொடங்கிற்று.

இந்நிறுவனங்களில் வேலை என்றால் ரவுட்டரின் உள்ளே ஓடும் நிரலை எழுதுவது அல்லது சோதிப்பது. ஊதியம் உயர்ந்தது, நுழைவும் அதற்கேற்பக் கடினமானது. சி மொழி, தரவு அமைப்புகள், இயக்கமுறை மூன்றிலும் தேர்ச்சி வேண்டும். 'வலையமைப்பு படித்தவனுக்கு நிரல் எதற்கு?' என்பவருக்கு இவ்வாயில் திறக்காது. சோதனைப் பிரிவில் சேர்ந்து பின்னர் ஆக்கப் பிரிவுக்கு மாறியவர் பலர் உள்ளனர் என்பதையும் குறிக்கிறேன்.

காவற்பணியும் அரசுப் பணியும்

சாலை இருந்தால் திருடரும் இருப்பர். வலையமைப்புப் பாதுகாப்பு இன்று தனித்துறையாக வளர்ந்துள்ளது. இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, குறித்த வகைத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் நிறுவனங்கள் தெரிவித்தாக வேண்டும்; பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். ஆறு மணி நேரத்தில் தெரிவிப்பதற்கு, எந்நேரமும் கவனிக்க ஆள் வேண்டுமன்றோ? அந்த ஆளாக நாம் ஆகலாம். ஆனால் பொட்டலத்தின் இயல்பான நடையை அறியாதவர் திருட்டு நடையை அறிய இயலாது. வலையமைப்பை முதலில் கற்று, பாதுகாப்பைப் பின்னர்க் கற்பதே முறை.

அரசுப் பணியை விரும்புவோர்க்கும் வழிகள் உண்டு. 1976-ல் அமைந்த தேசியத் தகவல் மையம், பீனியாவிலுள்ள இஸ்ரோவின் துணைக்கோள் கண்காணிப்பு நிலையம், 2000-ல் தொடங்கப்பட்டு இருப்புப் பாதை ஓரமாக 60,000 கிலோமீட்டருக்கு மேல் ஒளியிழை கொண்டுள்ள ரெயில்டெல் ஆகியவை அவற்றுட் சில. ஊர் திரும்ப விரும்புவோர் தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டு செல்லும் 'டான்பிநெட்' திட்டத்தையும் கவனிக்கலாம். ஆனால் அரசுப் பணியை மட்டுமே நம்பிக் காத்திருப்பது தகாது. 2020 ஜனவரி 31-ல் பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து 78,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விருப்ப ஓய்வு பெற்றுச் சென்றனர். நம் தந்தையர் காலத்துத் தொலைபேசித் துறை உத்தியோகம் இன்று அவ்வடிவில் இல்லை.

ஆராய்ச்சியும் ஆசிரியப் பணியும் மற்றொரு வழி. 1986-ல் 'எர்நெட்' என்னும் கல்வி வலையமைப்பு எட்டு நிலையங்களோடு தொடங்கியது. அவற்றுள் இந்நகரத்து இந்திய விஞ்ஞானக் கழகமும், சென்னை ஐ.ஐ.டி.யும் உண்டு. அப்பணியில் முன்னின்ற விஞ்ஞானி எஸ். ரமணி 2014-ல் இணையப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15-ல்தான் வந்தது. அதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வலை பின்னத் தொடங்கிவிட்டனர். எம்.எஸ்சி. முடித்தோர் நெட் தேர்வில் வென்று கல்லூரி ஆசிரியராகலாம். கேட் தேர்வின் வழியே மேற்படிப்புக்கும் செல்லலாம்.

சான்றிதழ் எதற்கு?

'சி.சி.என்.ஏ. சான்றிதழ் வாங்கினால் வேலை உறுதியா?' என்று கேட்கின்றனர். சிஸ்கோ நிறுவனம் நடத்தும் தேர்வு அது. மூன்று ஆண்டு செல்லும். வளாகத் தேர்வு இல்லாத கல்லூரியிலிருந்து வருவோர்க்கு அது உதவும். நேர்காணலுக்கு அழைப்பு வர அது காரணமாகும். அழைத்த பின் நம்மைக் காப்பது அதுவன்று.

என் அறைத் தோழர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 'நூற்றுக்கு நூறு வேலை உறுதி' என்று விளம்பரம் செய்த ஒரு பயிற்சி நிலையத்தில் எழுபதாயிரம் ரூபாய் கட்டினார். அக்காவின் நகையை அடகு வைத்து அனுப்பிய பணம் அது. அங்கே கருவிகளைத் தொடவிடவில்லை. பழைய தேர்வு வினாக்களையும் விடைகளையும் அச்சிட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அவரும் செய்தார், தேர்விலும் வென்றார். பின்னர் ஒரு நிறுவனத்தில் நேர்காணல். "ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் இணையம் வரவில்லை. என்ன செய்வீர்?" என்று கேட்டார்கள். அவ்வினா அச்சுத் தாளில் இல்லை. நண்பர் வாய் திறக்கவில்லை. வேலை உறுதி என்று கூறிய நிலையம், வாடிக்கையாளர் அழைப்புக்குப் பதில் சொல்லும் வேலை ஒன்றைக் காட்டிவிட்டுக் கைகழுவிற்று.

அக்கேள்விக்கு விடை எளிது. கம்பி சரியாக இருக்கிறதா? கணிப்பொறிக்கு முகவரி கிடைத்திருக்கிறதா? அருகிலுள்ள ரவுட்டர் பதில் தருகிறதா? வெளியே உள்ள முகவரி பதில் தருகிறதா? பெயரைச் சொன்னால் எண் கிடைக்கிறதா? கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டும். நம் பாடநூலில் ஏழு அடுக்கு என்று வரைந்து காட்டுவதும் இந்த ஒழுங்குதான். அடுக்குகளின் பெயரை ஒப்பிப்பவருக்கும், அவற்றை ஏணியாகக் கொண்டு பழுதைத் தேடுபவருக்கும் உள்ள வேறுபாட்டை நேர்காணல் செய்வோர் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்வர்.

இதைக் கற்க எழுபதாயிரம் தேவையில்லை. வயர்ஷார்க் என்னும் மென்பொருள் இலவசம். நம் கணிப்பொறியில் வந்து போகும் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். பாக்கெட் டிரேசர், ஜி.என்.எஸ்.3 ஆகியவற்றில் கருவி வாங்காமலே பயிலலாம். ஐ.ஐ.டி.களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கேட்பதற்குக் கட்டணமில்லை. இணைய விதிகளை வகுக்கும் ஆவணங்களையும் எவரும் இலவசமாகப் படிக்கலாம்.

மாறிவரும் தொழில்

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்-1 வேலைகள் குறைந்து வருகின்றன. எச்சரிக்கையைப் படித்து, வழக்கமான கட்டளையைக் கொடுத்து, குறிப்பு எழுதும் வேலையை இப்போது நிரல்கள் செய்யத் தொடங்கியுள்ளன. செயற்கை அறிவும் அதில் புகுந்துவிட்டது. நூறு சுவிட்சுகளில் தனித்தனியே புகுந்து மாற்றம் செய்த காலம் போய், ஒரு நிரல் எழுதி நூறையும் மாற்றும் காலம் வந்துவிட்டது.

இதைக் கண்டு அஞ்சி இத்துறையை விட வேண்டுமா? நான் அவ்வாறு கருதவில்லை. பேஸ்புக் நின்ற கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஒரே கட்டளையால் நூறு இடங்களை மாற்றும் ஆற்றல், நூறு இடங்களை ஒரே நேரத்தில் கெடுக்கும் ஆற்றலும் ஆகும். கட்டளையின் விளைவை முன்கூட்டி அறியக்கூடிய மனிதர் தேவை. கெட்டபின் காரணம் காணக்கூடிய மனிதரும் தேவை. குறையப்போவது வெறுமனே கட்டளையை ஒப்பிப்போரின் தேவை. ஆகவே பைத்தான் மொழியையும் அன்சிபிள் போன்ற கருவிகளையும் கற்றுக்கொள்ளுங்கள். ஐ.பி.வி.6 முகவரி முறையையும் விட்டுவிடாதீர்கள். பழைய முறையின் முகவரிகள் ஏறக்குறைய 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ல் தீர்ந்துபோயிற்று.

விழிப்பு வேண்டும்

வெளிநாட்டு வேலை என்ற சொல் நம்மவரை எளிதில் மயக்கும். தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்ட இளைஞர்கள் உண்டு. அவர்களுள் தமிழர் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுத் தமிழ்நாடு திரும்பினர். வேலை தர முன்பணம் கேட்பவரை நம்பாதீர். சுற்றுலா விசாவில் சென்று பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பாதீர். முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் நேர்மையான வேலைகள் ஏராளம். நேர்மையான நிறுவனம் வேலைக்கு வருபவரிடம் பணம் கேட்பதில்லை.

இந்நகரிலேயே வேலை தேடுவோர்க்கு ஒரு சொல். கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். ரவுட்டரின் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் சாலையில் குழி தோண்டுபவரிடமும், கட்டடக் காவலரிடமும், பழுது என்று அழைத்த வாடிக்கையாளரிடமும் பேசுவது கன்னடத்தில். தமிழறிந்த நமக்கு அது நெருங்கிய மொழி; ஆறு மாத முயற்சியில் வேலை நடத்தும் அளவுக்கு வந்துவிடும். இம்மண்ணில் சோறு உண்ணும் நமக்கு அது கடமையுமாகும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இக்கட்டுரையைப் படித்து மூடி வைப்பதால் ஒருவருக்கும் வேலை கிடைத்துவிடாது. எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பழைய ரவுட்டரும் சுவிட்சும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆளுக்குச் சிறிது பணம் போட்டால் இரண்டு ரவுட்டர், ஒரு சுவிட்ச், ஒரு கட்டுக் கம்பி, ஒரு கிரிம்பிங் கருவி வாங்கிவிடலாம். சங்க அறையின் மூலையிலுள்ள மேசையை இதற்குத் தருவதாகச் செயலாளர் இசைந்துள்ளார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நான் அங்கிருப்பேன். முதல் நாள் பாடம் இதுதான்: எட்டுக் கம்பிகளை நிற வரிசைப்படி அடுக்கி ஒரு முனையைப் பொருத்துவது. இரண்டாம் வாரம், நானே வலையமைப்பில் ஒரு பழுதை ஒளித்து வைப்பேன்; நீங்கள் தேடிக் காண வேண்டும். எந்தத் துறை மாணவரும் வரலாம். மாணவியர் கட்டாயம் வர வேண்டும்.